அப்பாவோட 70க்கு லைவ் ஆர்கெஸ்ட்ரா வச்சோம்: ஆளுங்க நல்ல ஆளுங்க, சவுண்டு தான் சோதிச்சிடுச்சு

போன டிசம்பர்ல எங்க அப்பாவுக்கு 70. அறுபதுக்கு திருக்கடையூர் போயி ஹோமம், கலசாபிஷேகம், மாலை மாத்துறது, தாலி கட்டுறதுன்னு எல்லாம் பண்ணியாச்சு. 70க்கும் அங்கயே போயி பீமரத சாந்தி பண்ணிடலாம்னு அம்மா ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்பா ஒரே வரில முடிச்சுட்டார், "புகை வேணாம்டி, பாட்டு வை". சரின்னு நானும் தம்பியும் ஆளுக்கு பாதி போட்டு திருச்சில ஒரு மினி ஹால் புக் பண்ணி லைட் மியூசிக் கச்சேரி வச்சோம். புக் பண்றதுக்கு முன்னாடி இதப்பத்தி யாராவது உருப்படியா எழுதிருக்காங்களான்னு தேடித்தேடி பார்த்தேன், எல்லாரும் "சூப்பர் ப்ரோகிராம், செம்ம டீம்"னு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போயிருக்காங்க, ஒருத்தர் கூட எத்தனை பேர் வந்தாங்க, எவ்ளோ ஆச்சு, எங்க சொதப்புச்சுன்னு எழுதல. அதான் நான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

குழு பேரு போட மாட்டேன். பேர் போட்டு திட்டுற அளவுக்கு அவங்க பெரிய தப்பு எதுவும் பண்ணல, பேர் போட்டு கூப்பிட்டு போங்கன்னு சொல்ற அளவுக்கு மனசும் வரல.

முதல்ல எங்க அப்பாவ பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன், இல்லன்னா மீதி புரியாது. திருச்சி பெல் (BHEL) ஃபேக்டரில 36 வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ், கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்ல தான் நாங்க வளர்ந்தோம். சின்ன வயசுல லால்குடி பக்கம் கிராமம், திருவிழான்னா விடிய விடிய கச்சேரி, அடுத்த ஊர்னாலும் நடந்தே போயி மணல்ல துண்ட விரிச்சு உட்கார்ந்துடுவாராம். அவருக்கு பாட்ட விட இன்டர்லூட் தான் முக்கியம். பல்லவி முடிஞ்சு வர்ற புல்லாங்குழல் பிட்ட ஒருத்தன் முழுங்கிட்டான்னா முகம் சுருங்கிடும். மேடையில வாசிக்கிற யார பார்த்தாலும் "ராஜாவே அவங்க அண்ணன் பாவலர் வரதராஜன் கூட ஊர் ஊரா மேடையில வாசிச்சுட்டு வந்தவர் தான் தம்பி, சினிமாவுக்குள்ள நுழைஞ்சது 1976ல தான்"னு சொல்லாம விட மாட்டார். அந்த மாதிரி ஆளுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டு கேக் வெட்ட முடியாதுல்ல.

தம்பி திருச்சில இருக்கறதால அவன் தான் விசாரிச்சான். மூணு இடத்துல ரேட் வாங்குனோம். ஒருத்தர் சவுண்டு, லைட்டு, 14 பேர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம். இன்னொருத்தர் ரெண்டு பாடகர், ஒரு லேப்டாப், ஏற்கனவே ரெக்கார்டு பண்ண மியூசிக் ட்ராக் போட்டு பாடிடுவோம், 18 ஆயிரம். நடுவுல ஒருத்தர் எட்டு பேர், 48 ஆயிரம், சவுண்டு தனியா 14 ஆயிரம்னு சொன்னார். எட்டு பேர்னா கீபோர்டு, ரிதம் பேடு, தபலா டோலக் வாசிக்க ஒருத்தர், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், அறிவிப்பாளர். அப்பாவுக்கு புல்லாங்குழல் இருக்கணும், லேப்டாப் கூடாது, அதனால நடு ஆள பிடிச்சோம், 15 ஆயிரம் அட்வான்ஸ். இங்க நாங்க பண்ண முதல் தப்பு, எல்லாத்தையும் போன்ல பேசிட்டோம். எந்தெந்த வாத்தியம் வரும்னு வாட்ஸப்ல ஒரு மெசேஜ் கூட வாங்கி வைக்கல.

அன்னைக்கு மதியம் மூணு மணிக்கு வேன் வந்துச்சு, இறங்குனது ஏழு பேர். பேஸ் கிட்டார் ஆள காணோம். கேட்டா "சார் இது ஐயப்பன் சீசன், அவர பஜனைக்கு மதுரைக்கு கூட்டிட்டு போயிட்டாங்க, நம்ம கீபோர்டு அண்ணனே இடது கைல பேஸ் போட்டுடுவாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு குழுவோட லீடர். கேக்குறவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியும். ஆனா ராஜா பாட்ட மேடையில கேட்டுருக்கீங்களா, அதுல பேஸ் கிட்டார் தனியா ஒரு பாட்டு பாடிக்கிட்டு இருக்கும், மேல மெலடி ஒரு பக்கம் போனா கீழ அது வேற வழியில போயி சரியா வந்து சேரும். கீபோர்டுக்காரர் இடது கைல அத போட்டா வலது கைக்கு வயலின் பிட்டும் வாசிக்கணும், நடுவுல சவுண்டு மாத்த பட்டன் அழுத்தணும், ஒரு மனுஷனுக்கு எத்தனை கை. வாசிச்சார், பாவம், அடி ஸ்வரம் மட்டும் டொம் டொம்னு வந்துச்சு. எம்.எஸ்.வி பாட்டுல பெருசா தெரியல, ராஜா பாட்டு வந்தப்ப எல்லாம் கால் இல்லாத கட்டில் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சே நின்னுச்சு. கடைசில இதுக்குன்னு சண்டை போட்டு 3 ஆயிரம் கழிச்சோம்.

ஹால் தில்லை நகர்ல, ஏசி, 150 பேர் உட்காரலாம்னு போர்டு. நீளமா ரயில் பெட்டி மாதிரி இருக்கும். தரை பூரா வழவழ டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, பத்தடி உசரத்துல பால்ஸ் சீலிங். போட்டோவுக்கு அருமை, பாட்டுக்கு இதவிட மோசமான இடம் கிடைக்காது. திறந்த வெளியில ஸ்பீக்கர் பாக்ஸ விட்டு தள்ளி போக போக சத்தம் குறைஞ்சிடும், இந்த மாதிரி ரூம்ல கண்ணாடியில பட்டு, டைல்ஸ்ல பட்டு, சீலிங்ல பட்டு சுத்தி சுத்தி வரும், கடைசி வரிசைல உட்கார்ந்தாலும் தப்பிக்க முடியாது. இது எனக்கு ஹால் புக் பண்றப்ப தெரியாது, சாயங்காலம் ஏழு மணிக்கு தெரிஞ்சுது.

சவுண்டு பசங்க ரெண்டு பேர் வந்தாங்க, மூத்தவனுக்கே 25 இருக்கும். ரெண்டு 15 இன்ச் டாப் பாக்ஸ், ரெண்டு 18 இன்ச் பேஸ் பாக்ஸ், மேடைல இருக்கறவங்களுக்கு கேக்க ரெண்டு மானிட்டர் பாக்ஸ், யமஹா மிக்ஸர், ஷூர் மைக் மூணு. கோயில் திடலுக்கு போற செட்ட அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். எல்லாம் மாட்டி கீபோர்ட ஆன் பண்ணதும் ங்ங்ங்ங்னு ஒரு சத்தம், வாசிக்கவே இல்ல, அதுவே பாடுது. கேபிள மாத்துனாங்க, போகல. மிக்ஸர்ல சேனல மாத்துனாங்க, போகல. அப்ப அந்த பெரிய பையன் என்ன பண்ணான்னா, பையில இருந்து கட்டிங் ப்ளேயர எடுத்தான், கீபோர்டோட மூணு பின் பிளக்க புடிச்சு மேல இருக்கற பெரிய பின்ன கட் பண்ணிடலாம்ணான்னு தம்பி கிட்ட சொல்றான், எங்க போனாலும் அப்படித்தான் பண்ணுவாங்களாம்.

எங்க அப்பா அப்ப தான் வீட்ல இருந்து வந்து இறங்குறார். இன்னும் பட்டு வேட்டி கூட மாத்தல, சாதா வேட்டி, அரைக்கை சட்டை. கதவுக்குள்ள நுழையும்போதே "இது எர்த் லூப்பு, எவன்டா தனித்தனியா குடுத்தது"ன்னு சத்தம் போட்டுக்கிட்டே வர்றார். அந்த பையன் கையில ப்ளேயர பார்த்தாரு பாருங்க. "எர்த்த எடுத்தா சத்தமும் போயிடும், மைக்க புடிக்கிற ஆளும் போயிடுவான், பரவால்லயா தம்பி?" பையன் ப்ளேயர கீழ வச்சுட்டான். விஷயம் என்னன்னா கீபோர்டுக்கு கரண்ட் மேடை பக்கத்து சுவர்ல இருந்து எடுத்துருக்காங்க, மிக்ஸருக்கு ஹால் கடைசில வேற போர்டுல இருந்து. ரெண்டு போர்டோட எர்த்தும் ஒரே அளவுல இருக்காது, நடுவுல நீளமா ஒரு ஆடியோ கேபிள் ரெண்டையும் சேர்க்குது, அந்த வித்தியாசம் அது வழியா ஓடி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமா பாக்ஸ்ல வருது. அப்பா வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு மேடைக்கு அடியில குனிஞ்சு, ஒரே போர்டுல இருந்து ரெண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் இழுக்க வச்சார், ஏசி லைன்ல இருக்கற போர்டு வேணாம்னு இன்னொன்ன டெஸ்டர் வச்சு பார்த்து காட்டுனார். ஆன் பண்ணாங்க, சத்தம் சுத்தமா இல்ல. பிறந்தநாள் கொண்டாடுற ஆளுக்கு முழங்கால்ல ஒட்டடை, அம்மா தலைல அடிச்சுக்கிட்டாங்க. அப்பா முகத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் அவர் ரிட்டயர் ஆனதுல இருந்து பார்க்கல.

இத படிக்கிறவங்க ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கோங்க, உங்க வீட்டு விசேஷத்துல யாராவது எர்த் பின்ன உடைச்சா விடாதீங்க. மைக்கோட உடம்பு உலோகம், பாடுறவங்க உதடு அதுல படும், கை வேர்த்திருக்கும். உறுமுற சத்தம் போகுதேன்னு உயிர வச்சு விளையாட கூடாது.

அதுக்கப்புறம் நாலரைல இருந்து அஞ்சரை வரைக்கும் நடந்தது தான் என்னை கேட்டா உண்மையான கச்சேரி. விருந்தாளிங்க யாரும் வரல, கேட்டரிங் ஆளுங்க டேபிள் துணி விரிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா முன்வரிசைல ஒரு பிளாஸ்டிக் சேர இழுத்து போட்டு உட்கார்ந்துட்டார். புல்லாங்குழல் வாசிக்கிறவருக்கு ஐம்பது வயசு இருக்கும், ஒல்லியா, கண்ணாடி போட்டு, ஒரு நீள பையில இருந்து ஒவ்வொரு குழலா எடுத்து அடுக்கி வைக்கிறார். அப்பா "அந்த பாட்டுல ரெண்டாவது இன்டர்லூட்ல..."ன்னு வாயால லலலான்னு இழுத்தார், அவர் தலைய மட்டும் ஆட்டிட்டு ஒரு குழல மாத்தி எடுத்து அப்படியே வாசிச்சார், அந்த கடைசி வளைவு உட்பட. அப்பா கைய மேல தூக்கிட்டார். அப்புறம் ஒன்னு, அப்புறம் இன்னொன்னு. தபலாக்காரர் சுத்தியல வச்சு தட்டி சுருதி சேர்த்துக்கிட்டு இருந்தவர் அவரும் சேர்ந்துக்கிட்டார். பாக்ஸ்ல சத்தம் கம்மியா தான் வச்சுருந்தாங்க, டேபிள் துணி உதறுற சத்தம் கூட கேக்குது, அதுக்கு மேல குழல் சத்தம். ஒரு மணி நேரம் இப்படியே போச்சு, அம்மா வந்து பட்டு வேட்டி மாத்துங்கன்னு மூணு தடவை கூப்பிட்டாங்க.

இப்ப சாயங்காலத்துக்கு வரேன். ஆறரைக்கு ஆரம்பம், பிள்ளையார் பாட்டு, அப்பறம் ஒரு முருகன் பாட்டு, அது வரைக்கும் நல்லா தான் போச்சு. கூட்டம் சேர சேர சவுண்டு பையன் ஏத்த ஆரம்பிச்சான். ஏன்னு கேட்டா கூட்டம் பேசுது அக்கா, பாட்டு கேக்கல. கூட்டம் ஏன் சத்தமா பேசுது? பாட்டு சத்தமா இருக்கறதால. இவன் ஏத்த, அவங்க கத்த, அவங்க கத்த, இவன் ஏத்த, ஏழரைக்கு எங்க அத்தை பக்கத்து சேர்ல இருக்கற சித்தி காதுல வாய வச்சு "பொண்ணுக்கு வரன் பார்க்குறீங்களா"ன்னு கத்துறாங்க. தம்பி போன்ல ஒரு ஆப்ப போட்டு பார்த்தான், கடைசி டேபிள்ல 95 டெசிபல் காட்டுச்சு. போன் ஆப்ப அப்படியே நம்ப முடியாது தான், ஆனா சாதாரணமா பேசுறது 60 கிட்ட தான் இருக்கும், அப்ப பாத்துக்கோங்க. எங்க பெரியப்பா காதுல மாட்டுற மெஷின கழட்டி சட்டை பாக்கெட்ல போட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் தான் பாட்டு நல்லா கேக்குதுன்னார்.

டாப் பாக்ஸ ஸ்டாண்டுல தலைக்கு மேல தூக்கி வைக்காம பேஸ் பாக்ஸ் மேலயே வச்சுட்டாங்க, அதனால முன்வரிசை ஆளுங்க காதுக்கு நேரா அடிக்குது, பின்னாடி இருக்கறவங்களுக்கு வார்த்தை புரியல, பின்னாடி புரியணும்னு ஏத்துனா முன்னாடி செத்தோம். இதுல பாடுற பையன் ஸ்டைலா மைக்கோட அந்த வலை உருண்டைய கையால முழுசா பொத்தி புடிச்சு பாடுறான், அப்படி பொத்துனா மைக் எல்லா பக்கத்து சத்தத்தையும் வாங்கி மானிட்டர்ல இருந்து வர்றத திரும்ப குடிச்சு கொய்ங்ங்னு கத்தும், கத்துச்சு, நாலு தடவை. அந்த பொண்ணு மைக்க தண்டுல புடிச்சு, வாய்ல இருந்து ரெண்டு விரல் தள்ளி, உச்சத்துக்கு போறப்ப இன்னும் கொஞ்சம் விலக்கி பாடுச்சு. சுசீலாம்மா பாட்டு, ஜானகியம்மா பாட்டு, சித்ரா பாட்டு மூணுக்கும் குரல மாத்துது. அந்த பொண்ணுக்கு மட்டும் தனியா மார்க் போடணும்னா நான் முழுசா போட்டுடுவேன்.

நான் சவுண்டு பையன் கிட்ட மூணு தடவை போயி குறைக்க சொன்னேன், சரிக்கான்னு தலையாட்டிட்டு ஒரு நூல் குறைப்பான், நான் திரும்பி வந்து உட்காரதுக்குள்ள ஏறிடும். எனக்கு என்ன புரிஞ்சுதுன்னா அவனுக்கு தெரிஞ்ச கச்சேரி எல்லாம் பாட்டு கேக்கவே வர்ற கூட்டத்துக்கு. வீட்டு விசேஷத்துக்கு வர்றவங்க பாட்டு கேக்க வர்றதில்ல, பார்த்து பத்து வருஷம் ஆன மச்சான் கிட்ட பேச வர்றாங்க, பாட்டு பின்னாடி ஓடணும். அத புக் பண்றப்பவே சொல்லிருக்கணும், எங்களுக்கு தோணவே இல்ல. பாடகர் யாரு, எத்தனை வாத்தியம்னு இவ்ளோ விசாரிச்சோமே, சவுண்டு யாரு பண்றாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. என்னை கேட்டா இந்த வேலைல முதல்ல விசாரிக்க வேண்டிய ஆளே அவர் தான்.

கேக் வெட்டுற நேரம். ஹேப்பி பர்த்டே பாட்ட எல்லாருக்கும் தெரியும், ஒரு பேண்டுக்கு அத விட கஷ்டமான பாட்டு இல்லன்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுகிட்டேன். அது மூணு மூணா எண்ற தாளம், நம்ம ஊர் கை தட்டு நாலு நாலா தான் விழும். அறிவிப்பாளர் ஒன் டூ த்ரீ சொன்னதும் குழந்தைங்க ஒரு சுருதில, பெல் மாமாங்க வேற சுருதில ஆரம்பிச்சாங்க, ரிதம் பேடுக்காரர் பழக்க தோஷத்துல நாலுல அடிச்சுட்டார், கீபோர்டுக்காரர் மூணுல போறார், ரெண்டாவது வரில எல்லாரும் தனித்தனி ஊர்ல நிக்குறாங்க. பேரு சொல்ற மூணாவது வரி வந்துச்சு பாருங்க, பாதி பேர் "அப்பா", பாதி பேர் "தாத்தா", பெல் கோஷ்டி "சாரு". கீபோர்டுக்காரர் சிரிச்சுட்டு கைய எடுத்துட்டார். அப்பா கேக்குக்கு முன்னாடி கத்திய வச்சுக்கிட்டு, ரிதம் பேட பார்த்து மூணு விரல காட்டுறார். வீடியோல இருக்கு, எங்க வீட்டு குரூப்ல இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கு.

எட்டு மணிக்கு மேல கசின் பசங்க புதுப்பாட்டு கேட்டு சீட்டு எழுதி அனுப்ப ஆரம்பிச்சாங்க. திடீர்னு பேண்டு சவுண்டு மாறிடுச்சு, பயங்கர கிளீனா, சினிமா ரெக்கார்டு மாதிரி. நான் கூட ஆஹா செட் ஆயிட்டாங்கன்னு நினைச்சேன். அப்ப ரிதம் பேடுக்காரர் குச்சி ரெண்டையும் கக்கத்துல இடுக்கிக்கிட்டு பாட்டில் மூடிய திறந்து தண்ணி குடிக்கிறார், ரிதம் அது பாட்டுக்கு போயிட்டே இருக்கு. ட்ராக். கீபோர்டுக்கு பின்னாடி ஒரு லேப்டாப்ப ஒளிச்சு வச்சுருக்காங்க. லேப்டாப் கூடாதுன்னு சொல்லி தான 48 ஆயிரம் பேசுனோம், இல்லன்னா அந்த 18 ஆயிரம் ஆள் போதுமே. லீடர் கிட்ட கேட்டேன், "புதுப்பாட்டுல இருக்கற சவுண்ட எல்லாம் நாலு பேர் வாசிக்க முடியாதுக்கா, ட்ராக் இல்லன்னா பசங்க ஆட மாட்டாங்க". அவர் சொல்றதும் வாஸ்தவம் தான், பசங்க ஆடுனாங்க. முன்னாடியே "பழசு லைவ், புதுசு ட்ராக்"னு சொல்லிருந்தா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. கைய ஆட்டி வாசிக்கிற மாதிரி நடிச்சது தான் பிடிக்கல.

சரி, நல்லதையும் சொல்லணும். அப்பாவோட பெல் கூட்டாளி ஒரு மாமா, 72 வயசு, நான் ஒரு டி.எம்.எஸ் பாட்டு பாடுறேன்னு மைக்க வாங்கிட்டார். டி.எம்.எஸ் பாட்டுன்னா தெரியும்ல, உச்சஸ்தாயி. மாமா யாருக்கும் காத்திருக்காம அவர் இஷ்டத்துக்கு ஒரு சுருதில தொகையறாவ எடுத்துட்டார். இந்த இடத்துல தான் லைவ் ஆளுங்களோட அருமை தெரிஞ்சுது. கீபோர்டுக்காரர் கண்ண மூடி ஒரு ஸ்வரத்த அழுத்தி பார்த்தார், இன்னொன்னு, பிடிச்சுட்டார், ட்ரான்ஸ்போஸ் பட்டன அழுத்தி ஒரிஜினல்ல இருந்து ஒன்றரை கட்டை இறக்கிட்டார், மாமா பல்லவிக்கு வர்றப்ப மொத்த பேண்டும் அவர் காலடியில மெத்தை விரிச்ச மாதிரி காத்துக்கிட்டு இருக்கு. சரணத்துல மாமா ஒரு வரிய மறந்துட்டார், தபலாக்காரர் அதே நடைய இன்னும் ரெண்டு ஆவர்த்தம் உருட்டுனார், புல்லாங்குழல் அந்த வரிய வாசிச்சு எடுத்து குடுத்துச்சு. மாமா சிரிச்சுக்கிட்டே சேர்ந்துட்டார். கரோக்கில இது நடக்காது, ட்ராக் யாருக்காகவும் நிக்காது. 48 ஆயிரத்துல எனக்கு ஜீரணமான பணம் இந்த ஆறு நிமிஷத்துக்கு குடுத்தது தான்.

அறிவிப்பாளர பத்தி நீட்டி எழுத ஒன்னும் இல்ல. ரெண்டு தடவை "அறுபதாம் கல்யாண நாயகர்"னு சொன்னார், அம்மா கைய ஆட்டி எழுபதுன்னு காட்டியும் மூணாவது தடவையும் சொன்னார். ரெண்டு பாட்டுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் கடி ஜோக். அடுத்த தடவை இவர் வேணாம்.

ஒன்பதே முக்காலுக்கு ஹால் மேனேஜர் வந்து கடிகாரத்த காட்டுனார். ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த சத்த மாசு விதி இருக்கு. மூடுன ஹாலுக்குள்ள வைக்கிறதுக்கு அதுல விலக்கு இருக்குன்னு சித்தப்பா வாதாட போனார், விலக்கு இருக்கு தான், ஆனா உள்ள வைக்கிற சத்தம் வெளிய அளவுக்கு மேல போகக்கூடாது, குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45, தனியார் இடத்தோட எல்லையில அத விட அஞ்சுக்கு மேல ஏறக்கூடாது. கண்ணாடி சுவர் வழியா எங்க பேஸ் பாக்ஸ் தெரு முனை டீக்கடை வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, டீ குடிக்க போன டிரைவரே சொன்னார். பேசாம நிறுத்திட்டோம்.

இன்னொரு விஷயம், ஹால் புக் பண்றப்ப "மியூசிக் லைசென்ஸ் உங்க பொறுப்பு"ன்னு பாரத்துல ஒரு வரில கையெழுத்து வாங்குனாங்க. கல்யாணம், அது சம்பந்தமான விசேஷத்துல பாட்டு போட 1957 காப்புரிமை சட்டத்துலயே விலக்கு இருக்கு, 2023 ஜூலைல மத்திய அரசு தரப்புலயும் அத தெளிவா அறிவிச்சாங்க. பிறந்தநாள்னு அதுல தனியா பேர் சொல்லி எழுதல. எங்கள யாரும் வந்து கேக்கல, ஆனா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இந்த வரிக்கு என்ன அர்த்தம், இதுக்கு முன்னாடி இங்க பிறந்தநாள் வச்சவங்க யாராவது பணம் கட்டுனாங்களான்னு மேனேஜர் கிட்ட கேட்டுடுங்க.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்தை. ஏழு பேர், சவுண்டு பசங்க ரெண்டு, டிரைவர், ஆக பத்து இலை நம்ம கணக்குல வரும், கேட்டரிங்ல முன்னாடியே சொல்லிடுங்க. நாங்க சொல்லல. கடைசில அவங்க உட்காரும்போது சாம்பார் சாதமும் அப்பளமும் தான் மிச்சம். புல்லாங்குழல்காரர் "பரவால்லம்மா, நாங்க பழகுனது தான்"னு சொன்னார், அது தான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. அம்மா வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்த பாதுஷா டப்பாவ அப்படியே அவங்க வேன்ல ஏத்தி விட்டுட்டாங்க.

மொத்தமா 48 ஆயிரத்துல 3 ஆயிரம் கழிச்சு 45, சவுண்டு 14, மேல பசங்களுக்கு கைச்செலவு ஆயிரம், சரியா 60 ஆயிரம் ஆச்சு. என்னோட ரேட்டிங்: அந்த பொண்ணு, குழல், தபலா, கீபோர்டு நாலு பேருக்கும் அஞ்சுக்கு நாலரை, சவுண்டுக்கு ஒன்றரை, சொன்ன சொல்ல காப்பாத்துனதுக்கு ரெண்டு. கூட்டி கழிச்சு மூணு வச்சுக்கோங்க. திரும்ப கூப்பிடுவீங்களான்னு கேட்டா, கூப்பிடுவேன், ஆனா மொத்த செட்ட இல்ல. நாலு பேர், பேஸ் கிட்டாரோட சேர்த்து அஞ்சு, ஸ்டாண்டுல வைக்கிற சின்ன பாக்ஸ் ரெண்டு, 18 இன்ச் பேஸ் பாக்ஸ் வேன்ல ஏறவே கூடாது, வாத்தியம் ஒவ்வொன்னும் பேர் போட்டு வாட்ஸப்ல வரணும்.

மே மாசம் தம்பி பையனுக்கு அஞ்சாவது பிறந்தநாள், மொட்டை மாடில சின்னதா வைக்கலாம்னு பேச்சு ஓடுது. குழந்தைங்க பார்ட்டிக்கு எதுக்குப்பா கச்சேரின்னு தம்பி பொண்டாட்டி கேட்டா, அப்பா காதுலயே வாங்கல. போன வாரம் நான் ஊருக்கு போனப்ப வராண்டால உட்கார்ந்து ஒரு பலகையில ஆறு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட், பத்து மீட்டர் மூணு கோர் ஒயர், எல்லாத்துக்கும் ஒரே எர்த்துன்னு ஒரு போர்டு செஞ்சு வச்சிருக்கார், மேல கருப்பு மார்க்கர்ல "பேண்டுக்கு மட்டும்"னு எழுதி இருக்கு. அயர்ன் பாக்ஸ் போட போன அம்மாவ கூட தொட விடல.